தங்கையின் பேரில் வந்த ரொட்டி

பெங்களூர் பக்கத்தில் இருப்பதால் ஓசூருக்குக் கிடைத்த லாபங்களைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் நான் மெதுவாக எழுந்து வெளியே போய்விடுவேன். லாபம் இல்லை என்று சொல்லவில்லை. நிறைய உண்டு. அந்த லாபத்தில் நான் செய்த காரியம் ஒன்று இருக்கிறது, அது ஞாபகத்துக்கு வந்துவிடும் என்பதுதான் காரணம். இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் முகம் சுடுகிறது.

முப்பதுகளின் நடுவில் நான் பெங்களூர் தண்டில் ஓர் ஆபீஸில் குமாஸ்தா. பட்டாளமும் வெள்ளைக்காரர்களும் இருந்த பாகத்தைத் தண்டு என்றுதான் சொல்லுவோம். வாரம் பூராவும் அல்சூரில் ஒரு வாடகை அறையில் வாசம். சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் விட்டதும் மார்க்கெட் பக்கம் போய் மோட்டார் பஸ் ஏறினால், அத்திப்பள்ளி தாண்டிப் பொழுது சாய்வதற்குள் ஓசூர். இருபத்தைந்து மைல்தான். அதற்குள் மைசூர் சமஸ்தானம் முடிந்து சென்னை ராஜதானி தொடங்கிவிடும். ராஜதானியின் கடைக்கோடியில் எங்கள் ஊர். சேலத்தில் இருந்த கலெக்டருக்கு வருஷத்தில் ஒரு தடவை எங்கள் ஞாபகம் வந்தால் அதிகம். ஆகவே நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் எங்களுக்குப் பெங்களூர்தான்.

தண்டுக்காரர்கள் தின்பார்கள் என்பதற்காக எங்கள் ஊரில் கோஸும் நூல்கோலும் பயிரிட்டார்கள். பயிரிட்டவர்கள் வீட்டில் அதைச் சமைத்ததில்லை. ஆனாலும் அந்தக் கோஸால் பல கூரை வீடுகள் ஓட்டு வீடுகள் ஆயின. மெட்ராஸில் அச்சான பேப்பர் ரயிலில் எங்களைத் தாண்டிப் பெங்களூருக்குப் போய், அங்கிருந்து பஸ்ஸில் திரும்பி எங்களிடம் வரும். பெரிய கல்யாணம் என்றால் மரத்தூள் போட்ட சாக்கில் ஐஸ் வரும். வந்து சேரும்போது சாக்குதான் பெரும்பாலும் மிச்சம் இருக்கும், இருந்தாலும் எங்கள் ஊரில் ஐஸ் வந்தது என்று பெயர். தருமபுரிப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் எங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். "உங்களுக்கென்னப்பா, பெங்களூரு கொல்லைப்புறத்துல இருக்குது" என்பார்கள்.

இந்தப் பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சனிக்கிழமை என் பையைத் திறந்தால் ஊர் பாதி அதற்குள் இருக்கும். ஒருவருக்கு மூக்குக் கண்ணாடி, ஒருவருக்குக் கிராமபோன் ஊசி, ஒருவருக்குப் பூக்கோசு விதை, ஒருவருக்குக் கொயினா மாத்திரை. பஸ் நிற்குமிடத்திலேயே நாலு பேர் எனக்காகக் காத்திருப்பார்கள். நான் இறங்கும் தோரணையைப் பார்த்தால் பெங்களூரையே நான்தான் கட்டி ஊருக்குக் கொண்டுவருகிறேன் என்று தோன்றும்.

ரொட்டியும் அப்படி வந்ததுதான். கத்தியால் வெட்டித் தின்னும் ரொட்டியைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் அது ஆகாரம் அல்ல, மருந்து. காய்ச்சல்காரர்களுக்கு டிஸ்பென்சரி டாக்டர் "ரொட்டியும் பாலும் கொடுங்கள்" என்று சொன்னால், மறுநாள் பஸ்ஸில் பெங்களூரிலிருந்து ரொட்டி வரும். சுகமாக இருக்கும் ஒருவர் ரொட்டி தின்பதை ஊரில் யாரும் பார்த்ததில்லை. ஆகவே ரொட்டிப் பொட்டலம் எந்த வீட்டுக்குள் போகிறதோ அந்த வீட்டில் ஆள் படுத்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டு நாள் போனால் சாதாரணக் காய்ச்சல். இரண்டு வாரம் போனால் டைபாய்டு. மாதக்கணக்கில் போனால் வியாதியின் பெயரைச் சொல்லமாட்டார்கள், குரலை மட்டும் தாழ்த்திக்கொள்வார்கள்.

எங்கள் வீட்டுக்கு மாதக்கணக்கில் போயிருக்கிறது. அம்மா க்ஷயரோகத்தில் கிடந்த ஏழு மாதமும் ரொட்டிதான். எங்களுடையது சுத்த சைவக் குடும்பம். ரொட்டி மாவில் கள் ஊற்றிப் பிசைவார்கள் என்பது அப்பாவுக்குத் தெரியும். பத்திரம் எழுதிப் பிழைத்த மனிதர். ஒரு எழுத்து பிசகினால் முழுத் தாளையும் கிழித்துப் போடுகிறவர். ஆசாரத்திலும் அப்படித்தான். இருந்தும் அம்மாவுக்கு என்றதும், "ஆபத்துக்குப் பாவமில்லை" என்று சொல்லி ரொட்டியைக் கொல்லைப்புறம் வரை அனுமதித்தார். சமையலறைக்குள் விடவில்லை. அம்மா போனபின் அந்தத் தட்டையும் கிண்ணத்தையும் அவரே எடுத்துப் போய் எங்கோ போட்டுவிட்டு வந்தார்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் எனக்குத் தண்டில் வேலை கிடைத்தது. அங்கே ரொட்டி மருந்து அல்ல என்பதைக் கண்டுபிடித்தேன். ஆபீஸுக்குப் பின்சந்தில் ஒரு பாய் ரொட்டிக்கடை வைத்திருந்தார். காலை வேளையில் அந்தச் சந்து முழுவதும் மணக்கும். நெருப்பில் வாட்டி, வெண்ணெய் தடவி, காப்பியோடு ஒரு துண்டு தின்றேன். அதோடு என் ஆசாரம் முடிந்தது. வாரத்தில் ஆறு நாள் தின்றும் போதவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஓசூரில் பழைய சோற்றின் முன்னால் உட்காரும்போது பெரிய தண்டனை அனுபவிப்பதாக நினைத்துக்கொள்வேன்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் தங்கைக்குக் காய்ச்சல் வந்தது. அவளுக்குப் பதினெட்டு வயது. அம்மாவுக்குப் பிறகு வீட்டை அவள்தான் நடத்திக்கொண்டிருந்தாள். டாக்டர் ரொட்டி சொன்னார், நான் வாங்கி வந்தேன். அவள் அதைத் தொடவில்லை. "கள் ஊத்தினது எனக்கு வேணாம்ணா, கஞ்சி போதும்" என்று சொல்லிவிட்டாள். வீணாகப் போகிறதே என்று அப்பா கோயிலுக்குப் போன நேரத்தில் நான் தின்றேன். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. அடுத்த சனிக்கிழமை நான் ரொட்டி வாங்காமல் வந்திருக்க வேண்டும்.

வாங்கிக்கொண்டு வந்தேன். வாசலிலேயே அப்பா பார்த்துவிட்டார். "அதான் சுகமாயிட்டுதே, இது எதுக்கு?" என்று கேட்டார்.

பொய் தயாராக வாயில் இருந்தது. "தண்டுல ஒரு பெரிய டாக்டரைக் கேட்டேன்ப்பா. அம்மாவுக்கு அந்த வியாதி இருந்ததால பொண்ணு கொஞ்சநாள் ரொட்டி சாப்பிடறது நல்லதுன்னார். பலத்துக்கு."

அப்பாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அம்மா கிடந்த ஏழு மாதமும் அந்த ஒரு நிமிஷத்தில் அவர் கண்ணில் வந்து போயிற்று. "வாங்கிட்டு வா. விடாம வாங்கிட்டு வா" என்றார். அவர் எவ்வளவு பயந்தார் என்பது எனக்குத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை ரொட்டி கிடைக்கும் என்பதும் கூடவே தெரிந்தது. இரண்டாவதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

அப்புறம் அது ஒரு வழக்கமாகிவிட்டது. ஞாயிறு காலை அப்பா கோயிலுக்குப் போனதும் தங்கை கொல்லையில் வெந்நீர் அடுப்பின் தணலில் இடுக்கியால் துண்டைப் பிடித்து வாட்டுவாள். ஓரம் லேசாகக் கருகினால் எனக்குப் பிடிக்கும் என்பதைத் தெரிந்துகொண்டாள். நான் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து தின்பேன். "பொய்யெல்லாம் எனக்கு வேணாம்ணா, அப்பாகிட்ட சொல்லிடேன்" என்று இரண்டு முறை சொன்னாள். "உனக்கென்ன நஷ்டம்?" என்று கேட்டுச் சிரித்தேன். அவள் அடுத்த துண்டை வாட்டினாள்.

அடுத்த வருஷம் கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு வரன் வந்தது. ஜாதகம் பிரமாதம் என்று அவர்களே சொன்னார்கள். ஒரு மாதம் கழித்து ஜாதகம் பொருந்தவில்லை என்று கடிதம் போட்டார்கள். பிறகு தேன்கனிக்கோட்டையிலிருந்து ஒன்று. அவர்கள் கடிதம்கூடப் போடவில்லை. அப்பா ஜோசியரை மாற்றினார். நவக்கிரகத்துக்கு விளக்குப் போடச் சொன்னார்கள், தங்கை போட்டாள். நானும் கூடப் போய்ச் சுற்றி வந்தேன்.

ஒரு சனிக்கிழமை பஸ்ஸில் எங்கள் ஊர்க் கோஸ் வியாபாரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வாரம் இரண்டு தடவை தண்டு மார்க்கெட்டுக்குச் சரக்கு கொண்டுபோகிறவர். அப்பாவிடம் பத்திரம் எழுதிக்கொண்டவர், நல்ல மனுஷர். என் மடியில் செய்தித்தாள் சுற்றிய ரொட்டி இருந்தது. பஸ் நிறையக் கூட்டம். பாதிப்பேர் ஊர்க்காரர்கள்.

"தங்கச்சிக்கு இப்ப எப்படிப்பா இருக்குது?" என்று கேட்டார்.

"அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா."

அவர் பொட்டலத்தைப் பார்த்தார். "எங்கிட்ட எதுக்குப்பா மறைக்கிற? வாராவாரம் நீ எடுத்துனு போறத ஊரே பாக்குது. உங்கம்மாவுக்கும் இப்படித்தான ஆரம்பிச்சுது. கிருஷ்ணகிரிக்காரங்க எங்கிட்டதான் விசாரிச்சாங்க. பொண்ணு தங்கமான பொண்ணு, ஆனா ஒரு வருஷமா வீட்டுக்கு ரொட்டி போய்க்கிட்டு இருக்குதுன்னு சொன்னேன். நாளைக்கு என்னைக் குத்தம் சொல்லக்கூடாது பாரு. உங்கப்பாவே எங்கிட்ட சொன்னாரே, பொண்ணுக்குப் பலம் போதலை, பெரிய டாக்டரு ரொட்டி எழுதியிருக்காருன்னு."

ஒரு வருஷமாக நான் என்ன சுமந்துகொண்டு போகிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது. அவரோ என் தோளைத் தட்டிக்கொடுத்தார். "பயப்படாத. தண்டுல பெரிய ஆஸ்பத்திரி இருக்குது, காட்டு. பெங்களூரு பக்கத்துல இருக்கறதுக்கு நமக்கு அதுதான லாபம்?"

ஒரு வாக்கியம் போதும். "அது எனக்கு, ருசிக்குத் திங்கறேன்." அவ்வளவுதான் சொல்லவேண்டும். முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெங்களூரில் உத்தியோகம் பார்க்கிறவன், ஊருக்கே கண்ணாடியும் மாத்திரையும் கொண்டுவந்து தருகிறவன், கள் ரொட்டிக்கு ஆசைப்பட்டு அப்பனிடம் பொய் சொன்னவன் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். ராத்திரிக்குள் அப்பா காதுக்குப் போய்விடும். அப்பா கத்தமாட்டார். எழுத்துப் பிசகிய பத்திரத் தாளைக் கிழிப்பதுபோல் என்னையும் மனசிலிருந்து கிழித்துவிடுவார்.

"காட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றேன்.

"அதான் சரி" என்றார் வியாபாரி. முன்சீட்டில் ஒரு அம்மாள் உச்சுக்கொட்டினாள்.

அந்தப் பொட்டலத்தை அத்திப்பள்ளி ஏரியில் எறிந்துவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. எறியவில்லை. மறுநாள் காலை தங்கை வாட்டிக் கொடுத்தாள், தின்றேன். வழக்கத்தைவிடக் குறைவாகத் தின்றேன் என்றுகூடச் சொல்லமுடியாது. அதற்கடுத்த வாரத்திலிருந்து வாங்குவதை நிறுத்தினேன். டாக்டர் போதும் என்று சொல்லிவிட்டதாக அப்பாவிடம் சொன்னேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம். ரொட்டி நின்றால் பேச்சு நின்றுவிடும் என்று நான் நினைத்தேன். எங்கள் ஊரில் ரொட்டி நின்றதற்கும் ஒரு அர்த்தம் உண்டு. படுத்திருந்தவர் எழுந்து நடமாடியிருக்கவேண்டும், இல்லையென்றால் இனிமேல் கொடுத்துப் பிரயோஜனம் இல்லை என்று ஆகியிருக்கவேண்டும். தங்கை முன்பும் நடமாடிக்கொண்டுதான் இருந்தாள். ஆகவே இரண்டாவதுதான் என்று சிலர் முடிவு கட்டினார்கள்.

மூன்றாவதாகச் சேலத்திலிருந்து வந்தார்கள். பெண்ணைப் பார்த்துக் காப்பி குடித்தான பிறகு, பையனின் தாயார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "ரொம்ப நாள் ரொட்டிலதான் இருந்தியாமே. இப்ப உடம்பு தேவலையாம்மா?"

தங்கை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அப்பா கூடத்தின் அந்தக் கோடியில் இருந்தார். நான் கையிலிருந்த காப்பி டம்ளரைப் பார்த்தேன். அதில் காப்பி இல்லை, குடித்தாகிவிட்டது. இருந்தும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப நல்லா இருக்குதுங்க" என்றாள் தங்கை.

அவர்களும் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு வருவது குறைந்தது, பின் நின்றது. நான் கல்யாணம் செய்துகொண்டேன், தண்டு வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்டேன். ஆண்பிள்ளைக்கு வீட்டில் சீக்கு இருந்தால் பரவாயில்லை போலிருக்கிறது. யுத்தம் வந்தது. யுத்தத்தின் இரண்டாம் வருஷம் அப்பா காலமானார். கடைசி நாட்களில் அவள்தான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டாள். "இவளுக்கு ஒரு வழி பண்ணாம போறேனே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சாகிறவரை ஏன் வருத்தவேண்டும் என்று எனக்கு நானே ஒரு நல்ல காரணம் சொல்லிக்கொண்டேன். கோழைக்குக் காரணம் கிடைப்பதில் பஞ்சமே இல்லை.

அவளுக்கு இருபத்தேழு நடக்கும்போது பெங்களூர் ஸ்ரீராம்புரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மில்லில் எழுத்து வேலை பார்ப்பவர், மனைவியை இழந்தவர், இரண்டு குழந்தைகள். வயது நாற்பதை நெருங்கியிருந்தது. ஓசூரில் விசாரித்திருக்கிறார், அவருக்கும் ரொட்டிக் கதை சொல்லப்பட்டிருக்கிறது. ஆனாலும் அவர் மற்றவர்களைப்போல் ஓடவில்லை. பெங்களூர் ஆஸ்பத்திரியில் காட்டி, நெஞ்சில் ஒன்றுமில்லை என்று டாக்டர் கையெழுத்து வாங்கிவந்தால் சம்மதம் என்று எழுதியிருந்தார். குழந்தைகள் இருக்கும் வீடு, மன்னிக்கவேண்டும் என்று கடைசியில் ஒரு வரி. மரியாதையான கடிதம்.

நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் முன்னாலும் பின்னாலும் குழல் வைத்துக் கேட்டார், மூச்சை இழுத்து விடச் சொன்னார், எக்ஸ்ரே படம் எடுக்கச் சொன்னார். எல்லாம் பார்த்துவிட்டு என்னிடம் சலித்துக்கொண்டார். "கல்லாட்டம் இருக்காங்க. சீக்குன்னு யார் சொன்னது உங்களுக்கு?" அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அதில் முத்திரை வைத்து வாங்குவதற்காக வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அப்பா இல்லை. பயப்பட இனி யாரும் இல்லை. "அந்த ரொட்டி விஷயம்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்ணா. சேலத்தம்மா கேட்டாங்களே, அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அப்ப நீ ஏன் சொல்லலை?"

"நான் சொன்னா உன்னைக் காட்டிக் கொடுத்த மாதிரி ஆகும். நீ சொல்லுவேன்னு இருந்தேன்." வராந்தாவில் போன ஒருவருக்குக் காலை மடக்கி வழி விட்டுவிட்டு, "ரொம்ப நாள் இருந்தேன்" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கும் குரலில் சொன்னாள்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. நடந்து வரும்போது என் பழைய ஆபீஸ் சந்து குறுக்கிட்டது. வேறு வழி போயிருக்கலாம், கால் பழக்கம். கடை வாசலில் அதே பாய் நரைத்த தாடியோடு நின்றார். "வாங்க சாப். எத்தினி வருசம் ஆச்சு. சூடா இருக்குது, இப்பத்தான் எடுத்தேன்" என்றார்.

நான் வேண்டாம் என்று கையாட்டினேன். தங்கை நின்றாள். "வாங்குண்ணா. நான் தின்னேன்னு இத்தனை வருஷமா பேரு. எப்படி இருக்கும்னுகூட எனக்குத் தெரியாது."

வாங்கினேன். யுத்த காலத்து மாவு, ரொட்டி கொஞ்சம் கறுத்திருந்தது. அவள் ஓரத்தில் கொஞ்சம் பிய்த்து வாயில் போட்டாள். கண்ணை மூடாமல், தெருவைப் பார்த்துக்கொண்டு, நிதானமாக மென்றாள். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று நான் பரீட்சை எழுதியவனைப்போல் காத்துக்கொண்டிருந்தேன்.

"இவ்வளவுதானாண்ணா?" என்றாள்.

மிச்சத்தைச் செய்தித்தாளில் சுற்றி என் கையில் கொடுத்தாள். ஆஸ்பத்திரிக் காகிதத்தை நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அது பெட்ரோல் கிடைக்காத காலம். பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடும் பஸ். வழியில் இரண்டு இடத்தில் கரி போட நிறுத்தினார்கள். எதிர்சீட்டில் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். என் மடியில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தாள். "யாருக்குங்க உடம்பு சரியில்லை?" என்று கேட்டாள்.

"யாருக்கும் இல்லை. இது எனக்கு. நான் ருசிக்குத் திங்கறேன். எப்பவுமே நான்தான் தின்னேன்" என்றேன். பஸ் முழுவதும் கேட்கும்படிதான் சொன்னேன். ஒன்பது வருஷம் சொல்லமுடியாமல் இருந்த வாக்கியம் அவ்வளவு சுலபமாக வந்தது. அதைச் சொல்வதில் இப்போது எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

அந்தப் பெண் என்னைப் பார்த்துப் பரிதாபமாகத் தலையாட்டினாள். அண்ணன் என்றால் இப்படித்தான் மறைக்கவேண்டும் என்பதுபோல் இருந்தது அந்தத் தலையாட்டல். பிறகு தங்கையை ஒருமுறை பார்த்துவிட்டு, குழந்தையை மடியின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

தங்கை பைக்குள் கையை விட்டாள். காகிதத்தை எடுத்துக் காட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை வெளியே எடுத்துக்கொண்டாள். அத்திப்பள்ளி வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.